எங்கே போகிறாய் என்று கேட்காத ஊர்

1

போன கிழமை எனக்குத் தபாலில் ஓர் அட்டை வந்தது. வங்கி அட்டை அளவுதான் இருக்கும். இயந்திரம் பூட்டிய உல்லாசப் படகை ஓட்ட எனக்குத் தகுதி உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. கல்முனைக்குடிக் கடற்கரை மீன்வாடியில் வளர்ந்தவனுக்கு, ஐம்பது வயது தாண்டிய பிறகு, ஏரியில் போட் ஓட்டத் தெரியும் என்று கனடாக்காரன் எழுதித் தந்திருக்கிறான். வாப்பா உயிரோடு இருந்திருந்தால் வாடியில் இருக்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டி வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தம்பி சமீம் கடலுக்குப் போய், திரும்பி வராமல் இரண்டு வருடம் முடிந்ததும் அதே கிழமையில்தான். அட்டையைக் குசினி மேசையில் வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். என் மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளும் எங்கள் ஊர்க்காரிதானே.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த அட்டையை எடுப்பதற்கு நான் படித்த பாடத்தில் ஒரு பக்கம் நமக்கென்றே எழுதினதுபோல இருந்தது. அதை என்னால் மனசுக்குள் வைத்துக்கொண்டு இருக்க ஏலவில்லை.

2

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் அட்டை வேண்டும். தூண்டில் போட ஓர் அட்டை, நாய் வளர்க்க ஓர் அட்டை. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். அதற்கு என்னிடம் இருக்கிற அட்டைகளை அடுக்கினால் சீட்டு விளையாடலாம். ஆனால் போட் ஓட்டவும் ஒன்று வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

என் மகள் சுமையா வேலை கிடைத்ததும் வேறொரு நகரத்துக்குப் போய்விட்டாள். சிநேகிதிகளோடு வீடெடுத்து இருக்கிறாள். மாதத்தில் ஒன்றிரண்டு முறை வருவாள். வந்தால் உம்மாவோடு கொஞ்சம் கதைப்பாள், என்னோடு அதைவிடக் கொஞ்சம். அவளுடைய தமிழ் ஏதாவது தேவைப்படும்போது மட்டும்தான் வெளியே வரும். கோபிக்கக் கூடாது, இங்கே பிறந்த பிள்ளை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அவள் போனில் ஆங்கிலத்தில் யாரோடோ விழுந்து விழுந்து சிரிக்கும்போது, எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கடல் கிடக்கிறது என்றுதான் தோன்றும்.

அவளும் அந்தச் சிநேகிதிகளும் சேர்ந்து பழைய அலுமினியப் படகு ஒன்று வாங்கியிருந்தார்கள். சமீமின் செய்தி வந்த நாளிலிருந்து நான் தண்ணீர்ப் பக்கமே போவதில்லை. அது அவளுக்கும் தெரியும். இருந்தும் ஒரு சனிக்கிழமை, “வாப்பா, ஒருக்கா வாங்க. ப்ளீஸ்,” என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. போனேன்.

ஏரி அலையில்லாமல் கிடந்தது. உப்பு வாடையும் இல்லை. இதெல்லாம் ஒரு தண்ணியா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். தலையில் கட்டிய ஸ்கார்ப்புக்கு மேலே தொப்பி போட்டுக்கொண்டு சுமையா ஓட்டினாள், நன்றாகவே ஓட்டினாள். பிறகு படம் எடுக்கவென்று எழும்பி, இஞ்சின் பிடியை என் கையில் தந்தாள். சும்மா சொல்லக் கூடாது, கை எதையும் மறந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் நான் ஒலுவில் கடல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன். சமீம் போட்டின் முன்னணியத்தில் இருப்பதுபோலவே இருந்தது.

அப்போதுதான் காவல் படகு வந்தது. வந்தவன் மரியாதையான ஆள். இங்கே அதுதான் பெரிய தொல்லை, சண்டை பிடிக்கவும் முடியாது. உயிர்காப்பு அங்கி பார்த்தான், விசில் பார்த்தான், எறிகயிறு பார்த்தான், தண்ணி இறைக்கிற வாளி பார்த்தான். எல்லாம் சரி. பிறகு என்னைப் பார்த்து, “உங்கள் அட்டை?” என்றான்.

“எங்கட வாப்பா மீன்பிடிக் குடும்பம். இவருக்கு எல்லாம் தெரியும்,” என்று சுமையா ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. என்னைப் பற்றி அவள் பெருமையாகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல்முறை.

“தெரியும் என்று நான் நம்புகிறேன்,” என்றான் அவன். “அட்டை வேண்டும்.”

இந்த முறை மன்னித்து, எங்கள் இருவரையும் இடம் மாறி இருக்கச் சொல்லிவிட்டுப் போனான். காரில் வரும்போது வழி நெடுக நான் பொரிந்து தள்ளினேன். குளத்துத் தண்ணிக்கு அட்டையாம், நம்மட கடலைக் கண்டால் இவனுக்குக் காய்ச்சல் வரும் என்று. சுமையா கேட்டுக்கொண்டே ஓட்டினாள். கடைசியில், “படிச்சு எடுங்க வாப்பா. நான் கேள்வி கேக்கிறன்,” என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை வருகிறாளே என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நான் படித்தேன்.

3

பாடம் ஆங்கிலத்தில். வாசித்துக்கொண்டு போக எனக்கு நேரம் எடுக்கும். துறைக்குத் திரும்பி வரும்போது சிவப்பு மிதவை எந்தக் கைப்பக்கம், யார் யாருக்கு வழிவிட வேண்டும், குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதலில் மூச்சைச் சீராக்கு, பிறகு நீந்து. சிலதைப் படித்தபோது வெட்கமாகவும் இருந்தது. நம் வாடியில் யாரோ கொண்டுவந்து தந்த உயிர்காப்பு அங்கிகள் தலையணையாகத்தானே கிடந்தன. போட்டுக்கொண்டு போனால், “என்ன, பிள்ளத்தாச்சி மாதிரி?” என்று கேலி பண்ணுவோம்.

ஒரு சனிக்கிழமை சுமையா இந்தக் கேள்வியைக் கேட்டாள். கரையை விட்டுப் புறப்படுமுன் செய்ய வேண்டியது என்ன? விடைகள் நான்கு. அவற்றில் ஒன்று, எங்கே போகிறாய், எந்த வழியால் போகிறாய், எப்போது வருவாய் என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது.

“இதில்ல,” என்று சொல்லி வேறொன்றைக் காட்டினேன்.

“பிழை வாப்பா. இதுதான்.”

“அது சரிவராது மகள். கடலுக்குப் போறவன் சொல்லவும் மாட்டான், அவனக் கேக்கவும் படாது.”

அவளுக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும். கடலுக்கு இறங்குகிறவனிடம் ‘எங்க போறாய்’ என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். அன்றைக்கு வலையில் ஒன்றும் படாது. வேறு கேடும் வரும். மறந்துபோய் யாராவது கேட்டுவிட்டால், கரைக்குத் திரும்பி வந்து குந்தியிருந்து ஒரு வாய் தண்ணி குடித்துவிட்டுத்தான் திரும்பவும் இறங்குவார்கள். ‘எப்ப வருவீங்க’ என்று கேட்பது அதைவிடவும் மோசம். அது அல்லாஹ்வின் கையில் இருக்கிற விசயம், நாம் எப்படிக் கேட்பது? இன்னொன்றும் உண்டு. மீன் படுகிற கடலடிக் கல்லு ஒவ்வொருவனுக்கும் ரகசியம். பெண்சாதியிடம் சொன்னாலும் கிணற்றடிக்குப் போய் அங்கிருந்து ஊருக்குப் போய்விடும் என்று நினைப்பார்கள்.

அதனால் நம் பெண்கள் கேட்பதில்லை. சோத்துப் பார்சலைக் கையில் கொடுப்பார்கள். “அல்லாட காவல்” என்பார்கள். முடிந்தது.

இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். சுமையா கொப்பியை மூடினாள்.

“அப்ப சாச்சாக்கிட்டயும் ஒருத்தரும் கேக்கல்லயா?” என்றாள்.

சமீமை அவள் நேரில் கண்டது இரண்டு தரம்தான். மற்றதெல்லாம் போன் திரையில். அவனைப் பற்றி அவளாக ஒரு கேள்வி கேட்டதும் அன்றைக்குத்தான். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

4

சமீம் பாலமுனையில் கலியாணம் முடித்து, நம் வழக்கப்படி பெண் வீட்டோடு இருந்தவன். மனைவி பெயர் றம்ஸியா. பிள்ளைகள் இல்லை. அவனுக்குச் சொந்தமாக ஒரு பைபர் போட் இருந்தது. ஒலுவிலில் இருந்து இறங்குவான். துணைக்குப் பாண்டிருப்பு யோகன். இரண்டு பேரும் வருடக்கணக்காக ஒன்றாகத் தொழில் செய்தவர்கள். நோன்புக் காலத்தில் யோகனும் பகலில் போட்டில் தண்ணி குடிக்க மாட்டானாம். சமீம் சொல்லிச் சிரிப்பான்.

அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு இறங்கினார்கள். காலையில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மீன் பட்டிருக்கும் என்று ஊர் நினைத்தது. பின்னேரமும் வரவில்லை. இஞ்சின் பழுதாக்கும் என்றார்கள். அடுத்த நாள்தான் ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள். தேடப் போகிறவர்கள் முதலில் கேட்டது ஒரே கேள்வி. எந்தப் பக்கம் போனார், வடக்கா தெற்கா?

றம்ஸியாவுக்குத் தெரியாது. யோகனின் மனைவிக்கும் தெரியாது. வாடியில் ஒருவருக்கும் தெரியாது. வழக்கமாக வடக்கேதான் போவான் என்று யாரோ சொல்ல, வடக்கே மருதமுனை தாண்டியும் தேடினார்கள். நம் ஆட்களின் போட்டுகளும் டீசல் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமே ஓடின. பிறகு பொத்துவில் பக்கம் நீலத் தண்ணிக்கேன் ஒன்று கரை ஒதுங்கியது. அதன் கைபிடியில் கட்டியிருந்த சிவப்புச் சீலைத்துண்டு றம்ஸியாவின் பழைய சட்டையில் கிழித்தது. அதற்குப் பிறகு தெற்கே திரும்பினார்கள். கடலில் ஒன்றும் இல்லை.

யோகனின் வீட்டில் ஒரு மாதம் பார்த்துவிட்டு, ஐயரைக் கூப்பிட்டுக் கிரியை செய்தார்கள். அவன் பெண்சாதி, அந்தப் பிள்ளை, அழுது முடித்தது. நம் வீட்டில் அடக்க மையித்தும் இல்லை, போய் நிற்கக் கபுறும் இல்லை. ஆள் இருக்கிறானா இல்லையா என்று யார் சொல்வது?

5

றம்ஸியா வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பாள். சமீம் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவளும் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். முதல் வருடம் அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். “காக்கா, அந்தமான் பக்கம் ஒதுங்கினவங்க வருசம் கழிச்சும் வந்திரிக்காங்களாமே?” நானும், “ஓம் புள்ள, வந்திரிக்காங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்காக மட்டும் சொன்னேன் என்று நினைக்காதீர்கள்.

இந்த வருடம் அவள் பேச்சு மாறிவிட்டது. பள்ளிவாசலில் ஆலிம்களும் காதியாரும் கூடிக் கதைத்து, இனி மையித்து இல்லாமலே காயிப் ஜனாஸா தொழலாம், புருசன் மவுத்தானவளாக அவள் இத்தா இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நாலு மாதமும் பத்து நாளும். ஆனால் அவள் சம்மதம் சொல்லவில்லை.

“உங்கட வாயால வரட்டும் எண்டிருக்கன் காக்கா. அவர்ர பக்கத்தில மூத்த ஆள் நீங்கதானே. அவர் மவுத்தாப் போயிட்டார் எண்டு நீங்க சொன்னா நான் இருக்கன்.”

“கொஞ்சம் பொறு புள்ள,” என்றேன்.

“எவ்வளவு பொறுக்கிற? நான் ஆரு காக்கா? புருசன் இரிக்கிற பொம்புளயா, இல்லாத பொம்புளயா? ஒரு கலியாண வீட்டுக்குப் போனா எப்படி உடுக்கிற எண்டு தெரியல்ல. ராவிலயும் கேட்டுக்குக் கொளுக்கி போடுறல்ல, சத்தம் கேட்டா எழும்பிப் போறன். ராவைக்குச் சோறு போட்டு மூடி வெக்கன். காலையில கோழிக்குப் போடுறன்.”

அவள் அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அழவில்லை. சந்தைக்குப் போய்வந்த கதைபோலச் சொன்னாள்.

நானும் ஒவ்வொரு வெள்ளியும் பொறு, பொறு என்றுதான் சொன்னேன். தம்பி மவுத்தாகிவிட்டான் என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. ஊரில் இருந்தவர்கள் அவன் இல்லாத துறையையும் வாடியையும் தினமும் பார்க்கிறார்கள். எனக்கு அவன் எப்போதும் போனுக்குள் இருந்தவன். இன்னும் அதற்குள் இருக்கிறான், கூப்பிட்டால் எடுப்பான் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. நான் நாட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று விமான நிலைய வாசல்மட்டும் வந்தவன் அவன். என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, கட்டிப்பிடித்து, “அல்லாட காவல் காக்கா,” என்றான். எப்ப வருவீங்க என்று அவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஒரு கெடு சொல்லியிருப்பேனோ என்னவோ.

6

பரீட்சைக்கு முதல் நாள், அந்தப் பக்கத்தைத் தனியே இருந்து இன்னொரு முறை வாசித்தேன். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்பதோடு அது முடியவில்லை. அடியில் இன்னொரு வரி இருந்தது. இன்ன நேரத்துக்குள் நான் வராவிட்டால் இனிக் காத்திருக்காதே, ஆட்களைக் கூப்பிடு என்று அந்த நேரத்தையும் சொல்லிவிட்டுப் போக வேண்டுமாம்.

சனியன் பிடித்த இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் சட்டம் என்று எத்தனை நாள் திட்டியிருப்பேன். அந்த வரியை வாசித்துவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவினேன். போகிறவனுக்கான சட்டம் இல்லை அது, கரையில் இருக்கிறவளுக்கானது. அவள் எதுவரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறது. சமீம் அதைச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவன் இன்னும் நான் ஒருவன் இருக்கிறேன். நானும் பொறு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பரீட்சையில் அந்தக் கேள்வியும் வந்தது. சரியான விடையைத்தான் தொட்டேன். தேறிவிட்டேன். இந்த அட்டைக்குக் காலாவதி இல்லை, ஆயுள்வரைக்கும் செல்லும் என்றார்கள்.

7

அட்டை வந்த கிழமை, வெள்ளிக்கிழமை காலை, முதல் நாளே வீட்டுக்கு வந்திருந்த சுமையா சிநேகிதிகளோடு ஏரிக்குப் போக வெளிக்கிட்டாள். இந்த முறை அங்கேயே கூடாரம் அடித்து இருந்துவிட்டு வருகிறார்களாம். நான் வழக்கம்போல வாசல்மட்டும் வந்து, “அல்லாட காவல் மகள்,” என்றேன்.

அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றாள். போகவில்லை.

“கேளுங்க வாப்பா,” என்றாள்.

“என்னத்த?”

“உங்களுக்குத் தெரியும். கேளுங்க.”

சொன்னால் சிரிப்பீர்கள். பரீட்சையில் தொட்ட விடை வாய்க்குள் வரவில்லை. வாப்பாவும் உம்மாவும், வாடியில் இருந்த அத்தனை பேரும் பின்னால் நின்று, கேட்காதே, கேட்காதே என்றார்கள். சுமையா பொறுமையாக நின்றாள். வெளியே கார் ஹோர்ன் அடித்தது. அவள் அசையவில்லை.

“எங்க மகள் போறாய்?” என்றேன்.

சொன்னாள். ஏரியின் எந்தக் கரை, எந்த வழி எல்லாம் சொன்னாள்.

“எப்ப வருவாய்?”

“ஞாயிற்றுக்கிழமை, அஸருக்கு முன்ன.”

“வராட்டி?”

“பொழுது பட்டு மஃரிபு மட்டும் பாருங்க. அதுக்குப் பிறகு பாத்துக்கிட்டு இருக்காதீங்க. போலிசுக்கு அடிங்க.” இவ்வளவையும் தமிழில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை ஒருதரம் வைத்தாள். பிறகு போனாள்.

கார் திரும்பிய பிறகும் நான் வாசலில்தான் நின்றேன். இங்கே காலை என்றால் அங்கே அஸர் தொழுது முடிகிற நேரம். சமீம் இறங்கிப் போனதும் அந்த நேரத்தில்தான். போனை எடுத்தேன். றம்ஸியா கூப்பிடுமுன்னே இந்த முறை நான் கூப்பிட்டேன்.

“புள்ள,” என்றேன். “சமீம் மவுத்தாப் போயிட்டான். நான் சொல்றன். நீ இத்தா இரி.”

அந்தப் பக்கம் ஒரு கோழி கொக்கரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் மெதுவாக, “இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்,” என்றாள். நானும் சொன்னேன். மவுத்துச் செய்தி கேட்டதும் சொல்ல வேண்டியது, இரண்டு வருடமாக நாங்கள் இருவரும் வாய்க்குள் வைத்திருந்தது அது.

பிறகு அவள்தான் கதைத்தாள்.

“அண்டைக்குக் கேட்டடி மட்டும் அவருக்குப் பின்னால போனன் காக்கா. எண்டைக்கும் அப்படிப் போறல்ல. ஏனோ போனன். அந்தக் கேள்வி நாக்கு நுனி மட்டும் வந்திச்சு. முழுங்கிட்டன்.”

“உண்ட பிழ இல்ல புள்ள. ஆரும் கேக்கிறல்லதானே.”

“இப்ப கேக்கலாமா காக்கா? இனி ஒண்டும் ஆகாதே?”

“கேளு,” என்றேன்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்திருக்க வேண்டும். கடல் இரைச்சல் பெரிதாகக் கேட்டது. அவளுடைய குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது, கேட்டடியில் நின்று ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்பதுபோல.

“எங்க போறீங்க? எப்ப வருவீங்க?”

கேட்டைச் சாத்துகிற சத்தமும் கொளுக்கி போடுகிற சத்தமும் வந்தன. “வெக்கன் காக்கா,” என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.